மார்பக அழகுச் சிகிச்சைக்குப் பின் கஞ்சா: புகைப்பதா, வேறு வடிவில் எடுப்பதா, நிறுத்துவதா?

கனடாவில் 2018 அக்டோபர் 17 முதல் பெரியவர்கள் கஞ்சா வாங்குவதும் பயன்படுத்துவதும் குற்றமில்லை. ஒன்டாரியோ மாகாணத்தில் 19 வயது நிரம்பிய எவரும் உரிமம் பெற்ற கடைக்குள் நுழைந்து ரசீதோடு வாங்கி வரலாம். அதனால் டொராண்டோ வட்டாரத்தில் மார்பகத்தைப் பெரிதாக்கவோ குறைக்கவோ தூக்கி நிறுத்தவோ அறுவை சிகிச்சைக்கு வரும் பெண்களில் கஞ்சா புகைப்பவர்களும் இருக்கிறார்கள். தமிழ்ப் பெண்களும் அதில் உண்டு.

நான் இங்கே அறுவைக்குப் பிந்தைய பராமரிப்பில் செவிலியராக வேலை பார்க்கிறேன். கஞ்சா பற்றிய கேள்வி எனக்குப் பெரும்பாலும் நோயாளியை வீட்டுக்கு அனுப்பும் நேரத்தில்தான் வருகிறது. கணவரோ அம்மாவோ காரை எடுத்துவரப் போயிருப்பார்கள். அந்த இடைவெளியில் தாழ்ந்த குரலில், "அக்கா, இன்று இரவு ஒரே ஒரு ஜாயின்ட் பிடித்தால் ஏதாவது ஆகிவிடுமா? மாத்திரை எனக்கு அவ்வளவாகக் கேட்காது" என்பார்கள். கேட்டதற்காக நான் யாரையும் கடிந்துகொண்டதில்லை. கேட்காமல் போகிறவர்களை நினைத்துத்தான் கவலைப்படுகிறேன். ஆனால் அந்த நேரத்தில் கையில் எஞ்சியிருக்கும் வழிகள் மிகக் குறைவு. நல்ல வழிகள் எல்லாம் அறுவைக்கு ஒரு மாதம் முன்பே தேர்ந்தெடுத்திருக்க வேண்டியவை. தேதி குறித்துவிட்டவர்களுக்கும் குறிக்க நினைப்பவர்களுக்கும் அந்த வழிகளை ஒப்பிட்டுச் சொல்லவே இதை எழுதுகிறேன்.

முதலில் எதைக் காப்பாற்றப் பார்க்கிறோம் என்பது தெரிய வேண்டும். மார்பகக் குறைப்பிலும், தூக்கி நிறுத்தும் லிஃப்ட் சிகிச்சையிலும் பெரும்பாலும் முலைக்காம்பை முற்றிலும் அறுத்தெடுத்து வேறிடத்தில் ஒட்டுவதில்லை. அடியில் ஒரு சதைப்பாலத்தோடு சேர்ந்திருக்கும்படி விட்டு, அப்படியே மேலே நகர்த்துகிறார்கள். அந்தப் பாலத்தின் வழியே வரும் மெல்லிய ரத்தக் குழாய்கள்தான் முலைக்காம்புக்கும் அதைச் சுற்றிய கருவட்டத்துக்கும் உயிர். தையல் பெரும்பாலும் நங்கூர வடிவில் இருக்கும்: கருவட்டத்தைச் சுற்றி ஒன்று, அங்கிருந்து நேராகக் கீழே ஒன்று, மார்பகத்தின் அடிமடிப்பில் குறுக்காக ஒன்று. நேர்க்கோடும் குறுக்குக்கோடும் சந்திக்கும் இடத்தில் தோலின் மூன்று முனைகள் வந்து சேர்கின்றன. இழுவிசை அங்கே அதிகம். ரத்த ஓட்டம் குறைவு.

புண் ஆறாமல் பிரிந்துகொள்வது பெரும்பாலும் அந்த முனையில்தான். முதலில் தோலின் ஓரம் சற்றுக் கருநீலமாக மாறும். நாளாக ஆக மஞ்சள் நிறத்தில் ஒரு படலம் படியும். அது கழன்று விழும்போது அடியில் சட்டைப் பொத்தான் அளவுக்கு ஒரு குழி தெரியும். அதன்பிறகு அதைத் தினமும் கழுவி, துணி வைத்துக் கட்டி, அடியிலிருந்து சதை வளர்ந்து மூடும்வரை வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டும். உயிருக்கு ஆபத்தில்லை. ஆனால் அழகுக்காகச் செய்துகொண்ட இடத்தில் அகலமான தழும்பு நிற்கும். அதைவிட அரிதாக, அதைவிடக் கொடுமையாக, முலைக்காம்பின் ஒரு பகுதியே கருகிப்போவதும் உண்டு. புகையிலை பிடிப்பவர்களுக்கு இவை இரண்டும் அதிகம் நேர்கின்றன என்பது நெடுங்காலமாகத் தெரிந்த உண்மை. அறுவை மருத்துவர்கள் முன்னும் பின்னும் நான்கிலிருந்து ஆறு வாரங்கள் நிகோட்டினை விடச் சொல்வது இதனால்தான்.

மார்பகத்தைப் பெரிதாக்க உள்ளே இம்ப்ளான்ட் வைப்பவர்களுக்குத் தோல் சார்ந்த ஆபத்து சற்றுக் குறைவு. வேறு கவலைகள் இருக்கின்றன. இம்ப்ளான்ட்டுக்காக உருவாக்கிய பையில் ரத்தம் கட்டிக்கொள்வது, கிருமித் தொற்று, பின்னாளில் அதைச் சுற்றி உருவாகும் உறை இறுகிப்போவது. முதல் இரண்டும் மூன்றாவதுக்கு வழி திறந்துவிடக்கூடியவை.

வழக்கம்போல் புகைப்பது

இதற்குச் சாதகமாகச் சொல்லப்படுவதை முதலில் நேர்மையாக எடுத்துக்கொள்வோம். புகைத்த சில நிமிடங்களில் வேலை செய்கிறது. எவ்வளவு இழுக்கிறோம் என்பது நம் கட்டுப்பாட்டில் இருக்கிறது. பல ஆண்டுகளாகப் பழகியவர்களுக்கு அதுதான் தூக்கம், அதுதான் மன அமைதி. கோடீன், ஆக்சிகோடோன் போன்ற மாத்திரைகளுக்கு அடிமையாகிவிடுவோமோ என்ற பயமும் நியாயமான பயமே.

ஆனால் புகை புகைதான். கஞ்சா எரிந்தாலும் புகையிலை எரிந்தாலும் கார்பன் மோனாக்சைடு வரும். ரத்தத்திலுள்ள ஹீமோகுளோபினை அது ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கு மேல் இறுக்கமாகப் பற்றிக்கொள்கிறது. சாதாரணக் காற்றைச் சுவாசிக்கும்போது அதன் அளவு பாதியாகக் குறையவே நான்கைந்து மணி நேரம் ஆகும். அத்தனை நேரமும் அந்தச் சதைப்பாலத்தின் நுனிவரை போய்ச் சேரும் ஆக்சிஜன் குறைகிறது. 1988இல் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் வெளியான ஆய்வில், புகையிலையோடு ஒப்பிட்டால் கஞ்சா புகைத்தபின் ரத்தத்தில் கார்பன் மோனாக்சைடு ஏறும் அளவு ஏறத்தாழ ஐந்து மடங்கும், உள்ளிழுக்கும் தார் மூன்று மடங்கும் அதிகமாக இருந்தன. செடியைவிடப் புகைக்கும் விதமே இதற்கு முக்கியக் காரணம்: கஞ்சாவை நீளமாக இழுத்து, ஆழமாக உள்ளே அனுப்பி, மூச்சைப் பிடித்து வைத்துக்கொள்கிறார்கள். "நான் சிகரெட்டா பிடிக்கிறேன், ஒரு நாளைக்கு ஒன்றுதானே" என்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

அடுத்தது இதயம். புகைத்த சில நிமிடங்களில் நாடித்துடிப்பு கணிசமாக உயர்கிறது. ரத்தக்கட்டு பெரும்பாலும் முதல் ஒன்றிரண்டு நாட்களில் ஏற்படுவது. அப்போது மார்பகத்துக்குள் அடைக்கப்பட்ட சிறு ரத்தக் குழாய்கள் பல இன்னும் உறுதியாக மூடியிருக்காது. துடிப்பும் ரத்த அழுத்தமும் ஏறுவதை அந்த நேரத்தில் எந்த அறுவை மருத்துவரும் விரும்பமாட்டார்.

கூடவே இருமல். தசைக்கு அடியில் இம்ப்ளான்ட் வைத்த ஒருவர் முதல் இரவில் இருமுவதை அருகிலிருந்து பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மார்புத் தசை இறுகும். அவர் இரு கைகளாலும் மார்பை அழுத்திப் பிடித்துக்கொண்டு முன்னால் வளைவார். இருமல் நின்றபின்னும் ஒரு நிமிடம் மூச்சை முழுதாக இழுக்கப் பயப்படுவார். வலியைக் குறைக்கப் பிடித்த ஜாயின்ட் தந்த பலன் அந்த ஒரு நிமிடத்தில் போய்விடும்.

இன்னொன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். பலர் கஞ்சாவோடு புகையிலையைக் கலந்து சுருட்டுகிறார்கள். பிளன்ட் என்று சுற்றப்படுவதன் மேலுறையே புகையிலையால் ஆனது. "நான் நிகோட்டின் தொடுவதே இல்லை" என்று மருத்துவரிடம் மனதறிந்து உண்மையாகச் சொல்லும் பெண்ணின் சிறுநீரில் நிகோட்டினின் எச்சமான கோட்டினின் தென்படுவது இப்படித்தான். பல மருத்துவர்கள் அறுவைக்கு முன் அந்தச் சோதனையைச் செய்கிறார்கள். தெரியவந்தால் அன்றைய அறுவையையே ரத்து செய்யவும் கூடும்.

வலிக்காவது பலன் உண்டா என்றால், அறுவைக்குப் பிந்தைய கடும் வலியில் கஞ்சாவின் சாதனை வெளியே பேசப்படும் அளவுக்கு இல்லை. மான்ட்ரியலில் நடந்து 2006இல் வெளியான ஒரு சோதனையில், கஞ்சாவின் முக்கியப் பொருளை ஒத்த நபிலோன் என்ற செயற்கை மருந்தைப் பெரிய அறுவை செய்துகொண்டவர்களுக்குக் கொடுத்தார்கள். அதிக அளவு பெற்றவர்கள் குறைவான வலியைச் சொல்லவில்லை. கூடுதல் வலியையே சொன்னார்கள். நாள்பட்ட நரம்பு வலியில் சிலருக்கு உதவுவது வேறு, கத்தி பட்ட புது வலி வேறு.

ஆகவே புகைக்கும் வழிக்கு, அறுவைக்குப் பிந்தைய முதல் வாரங்களில், நான் இடமே கொடுக்க மாட்டேன். புகையிலையைப் பற்றி இருக்கும் அளவுக்குக் கஞ்சாப் புகையும் மார்பகப் புண்ணும் பற்றி ஆய்வுகள் இல்லைதான். அதற்காக உங்கள் மார்பகத்தை அந்த ஆய்வாக்கிப் பார்க்க வேண்டாம்.

ஒன்றிரண்டு நாள் மட்டும் விடுவது

பலரும் தாமாகவே தேர்ந்தெடுக்கும் வழி இது. முந்தைய இரவுவரை புகைத்துவிட்டு அறுவையன்று நிறுத்துவது. கொஞ்சம் தேறியதும் தொடங்குவது. நடுநிலையான சமரசம்போலத் தோன்றும். தினமும் புகைப்பவர்களைப் பொறுத்தவரை நான் பார்த்தவற்றில் மிக மோசமான நேரக் கணக்கு இதுதான்.

தினமும் பயன்படுத்துபவர் திடீரென நிறுத்தினால் ஓரிரு நாட்களுக்குள் எரிச்சல், பதற்றம், தூக்கமின்மை, பசியின்மை, வியர்வை, கெட்ட கனவுகள் தொடங்கும். முதல் வாரத்தில் உச்சத்தைத் தொடும். இரண்டு வாரம்வரை நீளலாம். இதை நாட்காட்டியில் வைத்துப் பாருங்கள். வீக்கமும் வலியும் மிகுந்திருக்கும் இரண்டாம், மூன்றாம், நான்காம் நாட்களிலேயே இந்தத் தவிப்பும் வந்து சேரும். முதுகுப்புறமாகத் தலையணை உயர்த்தி மட்டுமே படுக்க வேண்டும், புரளக் கூடாது, கையைத் தோளுக்கு மேல் தூக்கக் கூடாது என்ற கட்டுப்பாடுகள் ஒரு பக்கம். தூக்கமே வராத இரவு மறுபக்கம். நான்காம் நாள் அழுதுகொண்டே தொலைபேசியில் அழைப்பவர்களிடம் பேசிப் பார்த்தால் பாதி வலி புண்ணில் இருக்கிறது, மீதி இந்தப் பழக்கம் விடும் தவிப்பில் இருக்கிறது. அந்த இரவில் மன உறுதி குலைந்து மறுபடி புகைப்பவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். அவர்களுக்கு யாரும் முன்கூட்டியே கணக்குப் போட்டுக் கொடுக்கவில்லை.

எப்போதாவது விருந்தில் மட்டும் புகைப்பவர்களுக்கு இந்தத் தவிப்பு இராது. அவர்களுக்கு நிறுத்துவது பெரிய வேலையும் இல்லை. அதனால் அவர்களுக்கும் இந்த அரைகுறை வழி தேவையில்லை.

வேப்

எரிக்காமல் சூடாக்கி ஆவியை மட்டும் இழுப்பதால் கார்பன் மோனாக்சைடு வெகுவாகக் குறைகிறது. உலர்ந்த கஞ்சாவைச் சூடாக்கும் கருவியை வைத்து சான் பிரான்சிஸ்கோவில் நடந்த, 2007இல் வெளியான சிறு ஆய்வில் இது தெளிவாகத் தெரிந்தது. புகையோடு ஒப்பிட்டால் இது முன்னேற்றம். ஆனால் நாடித்துடிப்பு ஏறுவது மாறவில்லை, இருமல் முழுதாகப் போகவில்லை.

எண்ணெய் நிரப்பிய கார்ட்ரிட்ஜ் வகையில் வேறொரு பயமும் இருக்கிறது. 2019இல் அமெரிக்காவில் வேப் பயன்படுத்தியவர்களுக்கு வந்த நுரையீரல் நோயில், 2020 பிப்ரவரிக்குள் 2,807 பேர் மருத்துவமனையில் சேர்ந்தார்கள் அல்லது இறந்தார்கள். இறந்தவர்கள் மட்டும் 68 பேர். கள்ளச் சந்தைக் கஞ்சா கார்ட்ரிட்ஜ்களில் கலந்த வைட்டமின் இ அசிட்டேட்டே அதில் முக்கியக் குற்றவாளி. தெரிந்தவர் கொடுத்தார் என்று பெயர் தெரியாத கார்ட்ரிட்ஜை யாரும், எந்நாளும், தொட வேண்டாம். அறுவைக்குப் பின் நுரையீரல் நன்றாக விரிந்து சுருங்க வேண்டிய நேரத்தில் இதைச் சோதிப்பது எனக்குச் சம்மதமில்லை. எப்படியும் புகைத்தே தீருவேன் என்று நிற்பவருக்கு, புகையைவிட இது பரவாயில்லை என்ற அளவோடு நிறுத்திக்கொள்கிறேன்.

சாப்பிடும் வகை: கம்மி மிட்டாய், சாக்லேட், எண்ணெய்

புகையை முழுதாகத் தவிர்க்கிறது என்பதால் புண் ஆறுவதைப் பொறுத்தவரை இதுவே மற்ற கஞ்சா வடிவங்களைவிட மேல். கனடாவில் உரிமம் பெற்ற கடையில் விற்கும் கம்மி, சாக்லேட் போன்ற தின்பண்டப் பொட்டலம் ஒன்றில், கஞ்சாவில் போதை தரும் பொருளான டி.எச்.சி. 10 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது என்பது சட்டம், பழக்கமில்லாதவர்கள் 2.5 மில்லிகிராம் அல்லது அதற்கும் குறைவாகத் தொடங்க வேண்டும் என்பது கனடா சுகாதாரத் துறையின் அறிவுரை. வீட்டில் சுட்ட பிரவுனியில் இந்தக் கணக்கு எதுவும் கிடையாது.

ஆபத்து அதன் தாமதத்தில் இருக்கிறது. சாப்பிட்டால் வேலை தொடங்கவே அரை மணியிலிருந்து இரண்டு மணி நேரம் ஆகும். முழு வீச்சை எட்ட நான்கு மணி நேரம்வரை ஆகலாம். 12 மணி நேரம்வரை நீடிக்கலாம். இதை ஒரு இரவாக எண்ணிப் பாருங்கள். எட்டு மணிக்கு ஒரு கம்மி. ஒன்பதரைக்கு ஒன்றும் தெரியவில்லை என்று இன்னொன்று. பத்தரைக்கு வலி பொறுக்காமல் மருத்துவர் எழுதிக் கொடுத்த கோடீன் மாத்திரை. நள்ளிரவுக்கு மேல் மூன்றும் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறும். கோடீன் போன்ற ஓபியாய்டு மாத்திரையும் டி.எச்.சி.யும் மூளையை மந்தமாக்குவதில் ஒன்றுக்கொன்று துணைபோகும். குறட்டையும் தூக்கத்தில் மூச்சடைப்பும் உள்ளவர்களுக்கு இது விளையாட்டல்ல. சிறுநீர் கழிக்க எழுந்தால் ரத்த அழுத்தம் சட்டெனக் குறைந்து தலை சுற்றலாம். மார்பக அறுவை ஆனவருக்குக் கட்டிலில் கையூன்றி எழுவதே கடினம். விழப்போகும்போது உடல் தன்னையறியாமல் இரு கைகளையும் வீசி எதையாவது பிடிக்கப் பார்க்கும். புதுத் தையலுக்கு அதைவிடப் பெரிய கேடு வேறில்லை.

எனவே சாப்பிடும் வகையைத் தேர்ந்தெடுப்பவர்கள் சில எல்லைகளைப் போட்டுக்கொள்ள வேண்டும். ஓபியாய்டு மாத்திரை எடுக்கும் நாட்களில் இது வேண்டாம். அவை நின்றபின், மருத்துவருக்கோ மருந்தாளுநருக்கோ தெரிந்து, வீட்டில் இன்னொருவர் விழித்திருக்கும்போது, குறைந்த அளவில், ஒரே ஒரு முறை மட்டும். இரண்டாவதை அன்றிரவு தொடக் கூடாது. தினமும் அதிகமாகப் பயன்படுத்திப் பழகியவர்களில் சிலருக்குக் கஞ்சாவே அடக்க முடியாத வாந்தியை வரவழைப்பதும் உண்டு. சூடான நீரில் குளித்தால் அது தணியும் என்பது அதன் விசித்திரமான அடையாளம். அப்படி ஒருமுறையாவது நேர்ந்தவருக்கு இந்த வழியும் மூடப்பட்டது. வாந்தியின் அழுத்தம் தையலில்தான் இறங்கும், புதுத் தையலோடு சூடான நீரில் ஊறவும் முடியாது.

கஞ்சாவின் இன்னொரு பொருளான சி.பி.டி. மட்டும் உள்ள எண்ணெய் மயக்கம் தராது என்பதால் தீங்கில்லாதது என்ற நம்பிக்கை பரவலாக இருக்கிறது. கல்லீரல் மருந்துகளைக் கையாளும் நொதிகளை அது தடுக்கிறது. கோடீனும் டிராமடாலும் உடலில் வேலை செய்ய அதே நொதிகளில் ஒன்றால் மாற்றப்பட வேண்டும். ரத்தம் உறையாமல் தடுக்கும் வார்ஃபரின் எடுப்பவருக்கு அதன் வீரியம் கூடிவிடக்கூடும். எடுப்பதாக இருந்தால் மருந்தாளுநரிடம் உங்கள் முழுப் பட்டியலையும் காட்டிவிட்டு எடுங்கள்.

ஒரு மாதம் முன்பே நிறுத்துவது

என் தேர்வு இதுதான்; என் தங்கை கேட்டாலும் இதையே சொல்வேன். அறுவைக்கு நான்கு வாரம் முன்பு புகையை நிறுத்திவிட்டு, அறுவைக்குப் பின் நான்கிலிருந்து ஆறு வாரங்கள், எல்லாத் தையலும் மூடி மருத்துவர் பார்த்துச் சரி என்று சொல்லும்வரை தொடாமல் இருப்பது. இதன் பெரிய லாபம் நான் மேலே சொன்ன நாட்காட்டிக் கணக்கு. பழக்கம் விடும் தவிப்பு அறுவைக்கு முன்பே வந்து போய்விடுகிறது. உங்கள் சொந்தப் படுக்கையில், இஷ்டப்பட்ட பக்கம் புரண்டு படுக்க முடிகிற நாட்களில், தையல் இல்லாத உடலோடு அதைக் கடக்கிறீர்கள். அறுவைக்குப் பின் வருவது புண்ணின் வலி மட்டும்தான்.

தினமும் பலமுறை புகைப்பவர்கள் ஒரே நாளில் நிறுத்துவதைவிட முதல் ஒன்றிரண்டு வாரங்களில் படிப்படியாகக் குறைப்பது எளிது. ஆகவே ஆறு வாரம் முன்பே தொடங்குங்கள். முதலில் காலைப் புகையை விடுங்கள், கடைசியாக இரவுப் புகையை. தூக்கம்தான் இறுதிவரை படுத்தும். மதியத்துக்கு மேல் காபி, டீ வேண்டாம். அந்த வாரங்களில் வேலையில் பெரிய பொறுப்பு எதையும் ஏற்காதீர்கள். வீட்டில் ஒருவருக்காவது காரணம் தெரிந்திருந்தால் உங்கள் எரிச்சலை அவர் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்.

கஞ்சா இல்லாமல் வலியை எப்படிச் சமாளிப்பது என்பது அடுத்த கவலை. இதை அறுவைக்கு முந்தைய சந்திப்பிலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். மார்புச் சுவரின் நரம்புகளை மரக்கச் செய்யும் ஊசி போட முடியுமா என்று மயக்க மருந்து நிபுணரிடம் கேளுங்கள். முதல் இரவை அது வெகுவாக எளிதாக்கும். வீட்டில் அடிப்படை மருந்து அசெட்டமினோஃபென், ஊரில் நாம் பாராசிட்டமால் என்று வாங்குவதுதான். வலி வந்தபின் விழுங்காமல், முதல் சில நாட்கள் மணி பார்த்து ஒழுங்காக எடுத்தால் அது வேறு மாதிரி வேலை செய்கிறது. கல்லீரல் கோளாறு இல்லாத பெரியவருக்கு 24 மணி நேரத்தில் 4,000 மில்லிகிராம் உச்சவரம்பு. டைலினால் நம்பர் 3 மாத்திரை ஒவ்வொன்றிலும் கோடீனோடு 300 மில்லிகிராம் அசெட்டமினோஃபென் இருக்கிறது என்பதை மறந்து இரண்டையும் சேர்த்து விழுங்குபவர்கள் உண்டு. அதையும் கணக்கில் சேர்க்க வேண்டும். இபுப்ரோஃபென் வகையை ரத்தக்கசிவுப் பயத்தால் சிலர் தவிர்ப்பார்கள். செலிகாக்ஸிப் என்ற வலி மாத்திரை ரத்தத்தை உறையவைக்கும் தட்டணுக்களைப் பாதிக்காதது என்பதால் சிலர் அதை எழுதுவார்கள். ஓபியாய்டு மாத்திரை சில நாட்களுக்குக் கொஞ்சமாகக் கையிருப்பில் இருந்தால் போதும்.

நாள்பட்ட வலிக்கோ மனக்காயத்துக்கோ மருத்துவர் அனுமதியோடு கஞ்சா எடுப்பவர்கள் விஷயம் வேறு. அவர்கள் தாமாக நிறுத்தக் கூடாது. அறுவைக்கு ஒரு வாரத்துக்கு மேல் இருந்தால் மருத்துவர் மேற்பார்வையில் குறைக்கலாம். நாளை அறுவை என்ற நிலையில் அவசரமாக நிறுத்துவதில் பயனில்லை. புகையிலிருந்து எண்ணெய்க்கு மாறுவதே அவர்களுக்கு நடைமுறைக்கு ஏற்ற இலக்கு.

நான்கு வாரம் முடியாது, மனம் இப்போது அதற்குத் தயாராக இல்லை என்றால் தேதியைத் தள்ளிப்போடுங்கள். முன்பணத்தில் கொஞ்சம் போகலாம். ஆனால் அழகுச் சிகிச்சைக்கு மருத்துவ அவசரம் எதுவும் கிடையாது. அடுத்த கோடையில் செய்தாலும் அதே மார்பகம்தான். ஆறாத புண்ணுக்கு மறு அறுவை செய்வதற்கு ஆகும் செலவையும் நாட்களையும் பார்த்தால் முன்பணம் பெரிய தொகையல்ல.

எந்த வழியானாலும் சொல்லிவிடுங்கள்

நீங்கள் எதைத் தேர்ந்தெடுத்தாலும் மயக்க மருந்து நிபுணரிடம் மறைக்காதீர்கள். கொலராடோவில் எண்டோஸ்கோபி செய்துகொண்டவர்களிடம் நடந்து 2019இல் வெளியான ஆய்வில், கஞ்சாவை வழக்கமாகப் பயன்படுத்தியவர்களுக்கு மற்றவர்களைவிட, வலியடக்கி மயக்கம் தரும் மருந்துகளான ஃபென்டனில் 14 சதவீதம், மிடசோலாம் 20 சதவீதம், புரோபோஃபால் 220 சதவீதம் அதிகமாகத் தேவைப்பட்டது. எவ்வளவு மருந்து தேவைப்படும் என்பதை அவர் முன்கூட்டியே தெரிந்திருப்பது உங்கள் பாதுகாப்பு. வட்டார மயக்க மருந்துக்கான அமெரிக்க மருத்துவர் சங்கம் 2023 ஜனவரியில் வெளியிட்ட வழிகாட்டுதல், அறுவைக்கு வரும் ஒவ்வொருவரிடமும் கஞ்சா பற்றிக் கேட்கச் சொல்கிறது. கஞ்சா புகைத்து இரண்டு மணி நேரமாவது ஆகாமல் அவசரமில்லாத அறுவையைத் தொடங்க வேண்டாம் என்றும் சொல்கிறது. புகைத்த உடனடி நேரத்தில் மாரடைப்பு அபாயம் கூடுவதே காரணம்.

எத்தனை நாளுக்கு ஒருமுறை, எந்த வடிவில், கடைசியாக எப்போது, புகையிலை கலந்ததா. இந்த நான்கையும் சொன்னால் போதும். ஏன் பிடிக்கிறீர்கள் என்று அவர் கேட்கப்போவதில்லை.

நம் பெண்கள் வாய் திறக்காததற்குக் காரணம் எனக்குத் தெரியும். குடும்ப மருத்துவரும் தமிழர், அவர் மனைவி அம்மாவுக்குக் கோயிலில் பழக்கம், ஒரு வாரத்தில் ஊரெல்லாம் தெரிந்துவிடும் என்ற பயம். ஒன்டாரியோவில் 2004ஆம் ஆண்டுத் தனிநபர் உடல்நலத் தகவல் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. உங்கள் அனுமதியில்லாமல் மருத்துவரோ செவிலியரோ வரவேற்பு மேசையில் இருப்பவரோ உங்கள் குடும்பத்திடம் ஒரு சொல் சொன்னாலும் அது சட்டமீறல். சட்டம் காப்பாற்ற முடியாத இடம் ஒன்று உண்டு: மொழிபெயர்க்க நீங்களே அழைத்துவரும் மாமியார். கேள்வி கேட்கும் நேரத்தில் உறவினரை வெளியே இருக்கச் சொல்லும்படி எங்களிடம் கேளுங்கள், நாங்களே பக்குவமாகச் சொல்லி அனுப்புவோம்.

செலவு குறைவென்று சென்னைக்குப் போய்ச் செய்துகொள்ளும் எண்ணம் இருந்தால் இன்னொரு எச்சரிக்கை. கம்மியோ எண்ணெயோ எதையும் பெட்டியில் வைக்காதீர்கள். கனடாவிலிருந்து கஞ்சாவை எல்லை தாண்டிக் கொண்டுபோவதே குற்றம். இந்தியாவில் 1985ஆம் ஆண்டு போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் கீழ் கஞ்சா வைத்திருந்தால் சிறைத் தண்டனை கிடைக்கலாம். அங்கே போய்த் திடீரென நிறுத்த வேண்டிய நிலை வந்தால், பழக்கம் விடும் தவிப்பு அந்நிய மருத்துவமனை அறையில் வரும். அங்கே செய்துகொள்பவர்களுக்கு ஒரு மாதம் முன்பே நிறுத்துவதைத் தவிர வேறு வழியே இல்லை.

அறுவை முடிந்து, ஏற்கெனவே புகைத்தும்விட்ட நிலையில் இதைப் படிப்பவர்களும் இருப்பீர்கள். பதறி ஒளித்துவைக்க வேண்டாம். அத்தோடு நிறுத்திவிட்டு, நல்ல வெளிச்சத்தில் கண்ணாடி முன் நின்று இரு மார்பகங்களையும் பாருங்கள். ஒன்று மட்டும் வேகமாக வீங்கி இறுகி, வலி திடீரென ஏறினால் அது ரத்தக்கட்டாக இருக்கலாம். விடியும்வரை காத்திருக்காமல் உடனே மருத்துவமனைக்குப் போங்கள். முலைக்காம்பு கருநீலமாகவோ வெளுத்தோ போனாலும் அதே அவசரம்தான். காய்ச்சல், பரவும் சிவப்பு, நாற்றமடிக்கும் கசிவு, தையல் முனை பிரிதல் இருந்தால் அன்றே மருத்துவரை அழையுங்கள். மார்பு அழுத்தமோ மூச்சுத்திணறலோ வந்தால் 911. அழைக்கும்போது எப்போது, எதை, எவ்வளவு புகைத்தீர்கள் என்பதை முதல் வாக்கியத்திலேயே சொல்லிவிடுங்கள்.